எடை சரி, மடிப்பு சரியா? ஹெப்சிடினோடு பழகிய அனுபவம்

நம் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் ரத்த நீரில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது ஏறக்குறைய 3 மில்லிகிராம்தான். எலும்பு மஜ்ஜையோ சிவப்பணு செய்ய ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் கேட்கிறது. சாப்பாட்டிலிருந்து உள்ளே வருவது 1 அல்லது 2 மில்லிகிராம். மீதி அத்தனையும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வயதான சிவப்பணுக்களை விழுங்கி, இரும்பைப் பிரித்துத் திருப்பிக் கொடுப்பதுதான். இவ்வளவு வரவு செலவையும் கட்டி மேய்ப்பது கல்லீரல் சுரக்கும் ஒரு துளிப் புரதம். பெயர் ஹெப்சிடின். மொத்தமே 25 அமினோ அமிலங்கள்.

இந்த மனித ஹெப்சிடினை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யவைத்து, சுத்தம் செய்து, செல்களில் விட்டுப் பார்க்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். விலைக்கு வாங்கிய வயல்களையும் (சிறு குப்பிகள்) நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். இரும்பு ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் மறுபடி மறுபடி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வயலுக்குள் இருப்பது ஹெப்சிடின் என்று எடை சொல்லும், ஜெல் சொல்லும், லேபிளும் சொல்லும். அது வேலை செய்கிற ஹெப்சிடினா என்பதை செல் மட்டும்தான் சொல்லும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நம் நாட்டில் ரத்தசோகை அப்படி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை கொடுத்தும் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஐ.எல்-6 என்ற சமிக்ஞை கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடினை ஏற்றிவிடுகிறது. குடல் இரும்பை உள்ளே விடாது, மேக்ரோஃபேஜ் இருப்பதையும் வெளியே விடாது. தாலசீமியாவில் இதற்கு நேர் எதிர். ஹெப்சிடின் இறங்கிப்போய், ரத்தம் ஏற்றாதவர்களுக்குக்கூடக் குடல் வழியாகவே இரும்பு தேங்குகிறது. இந்த இரண்டையும் ஆய்வகத்தில் புரிந்துகொள்ள, நம்பகமான ஹெப்சிடின் கையில் வேண்டும். ஓட்டை ஹெப்சிடினை வைத்துக்கொண்டு "இந்த நோயாளியின் செல் ஹெப்சிடினுக்கு அசையவில்லை" என்று எழுதிவிட்டால், தப்பு அந்தச் செல் மேல் விழுந்துவிடும்.

ஹெப்சிடின் செய்கிற வேலை ஒன்றுதான். செல்லிலிருந்து இரும்பு வெளியேற மனித உடம்பில் தெரிந்த ஒரே கதவு ஃபெரோபோர்ட்டின் என்ற சவ்வுப் புரதம். ஹெப்சிடின் போய் அதில் ஒட்டும். உடனே செல் அந்தக் கதவையே உள்ளே இழுத்து லைசோசோம் என்ற தன் சிதைவுக்கூடத்தில் போட்டுச் சிதைத்துவிடும். 2000-ஆம் ஆண்டுவாக்கில் இந்தப் புரதத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் கிருமிகளைக் கொல்லும் பெப்டைடு என்றுதான் நினைத்தார்கள். ஹெப்சிடின் இல்லாத எலிகளில் இரும்பு மிதமிஞ்சிச் சேர்வதை 2001-இல் பாரிஸ் குழு ஒன்று காட்டிய பிறகுதான் பார்வை மாறியது. ஃபெரோபோர்ட்டினோடு ஒட்டி அதைச் செல்லுக்குள் இழுக்கவைக்கிறது என்பதை 2004-இல் எலிசபெத்தா நெமெத், தாமஸ் கான்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். நாங்கள் இன்றைக்கும் செய்யும் செயல்திறன் சோதனைக்கு வேர் அந்தக் கட்டுரைதான்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். அந்த 25 அமினோ அமிலங்களில் எட்டு சிஸ்டீன். எட்டும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நான்கு டைசல்ஃபைடு (கந்தகத்தோடு கந்தகம்) பிணைப்புகள் ஆக வேண்டும். அப்போதுதான் புரதம் சரியாக மடிந்திருக்கும். எட்டு சிஸ்டீன்கள் ஜோடி சேரக்கூடிய வழிகள் மொத்தம் 105. சரியானது ஒன்றே ஒன்று: 7-உம் 23-உம், 10-உம் 13-உம், 11-உம் 19-உம், 14-உம் 22-உம். இந்த ஜோடிப் பட்டியலே சுலபத்தில் கிடைத்ததல்ல. 2002-இல் வெளியான அமைப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 13-உம் 14-உம் ஜோடி என்று இருந்தது. 2009-இல்தான் அது திருத்தப்பட்டது. தேர்ந்த கைகளுக்கே அத்தனை வருடம் பிடித்த விஷயம் இது. ஆக, பாக்டீரியாவிலிருந்து வருவது தானாகச் சரியாக மடிந்திருக்கும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

எங்கள் லேபில் தங்கை ஒருத்தி செய்த பேட்ச் நினைவுக்கு வருகிறது. மூலக்கூறின் எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 2789 டால்டன், அச்சு அசலாக. பிணைப்பு ஏதும் இல்லாத நிலையில் 2797 வந்திருக்க வேண்டும். எட்டு ஹைட்ரஜன் போயிருக்கிறது என்றால் நான்கு பிணைப்பும் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எல்மன் சோதனையிலும் மஞ்சள் நிறம் துளியும் வரவில்லை, அதாவது தனியாக நிற்கும் சிஸ்டீன் இல்லை. ஆனால் செல்லில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா, எடை சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் வேலை செய்யல?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. 105 விதமாக ஜோடி சேர்ந்தாலும் 105-க்கும் எடை ஒன்றுதான். எல்மன் சோதனையும் பிணைப்பு இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, எது எதோடு என்று பார்க்காது. நல்லதென்று தெரிந்த, வேதிமுறையில் செய்த ஹெப்சிடினைக் கொஞ்சம் எடுத்து, அவளுடைய பேட்ச்சோடு கலந்து கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ரிவர்ஸ் ஃபேஸ் ஹெச்.பி.எல்.சி.யில் ஓட்டினோம். ஒரே பொருளாக இருந்தால் ஒரே கூர்மையான முகடு வந்திருக்கும். வந்தது தரமான பொருளின் முகடு ஓரிடத்தில், எங்களுடையது அகன்ற மேடாக வேறிடத்தில். பேட்ச்சில் முக்கால்வாசி தப்பு ஜோடி.

காரணம் மடிக்கும்போது இருந்த அடர்த்தி. புரதம் நெருக்கமாக இருந்தால் ஒரு மூலக்கூறின் சிஸ்டீன் பக்கத்து மூலக்கூறின் சிஸ்டீனைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் அவசரத்தில் கிடைத்ததோடு சேர்ந்துவிடும். அடுத்த முறை நிறைய நீர்த்த நிலையில், குளிர் அறையில், குளூட்டாதையோனின் (பிணைப்பை அவிழ்க்கவும் கட்டவும் உதவும் சிறு மூலக்கூறு) இரண்டு வடிவங்களையும் சேர்த்து வைத்தோம். இரண்டும் இருந்தால்தான் தப்பாக விழுந்த பிணைப்பு அவிழ்ந்து மறுபடி சரியாகக் கட்ட வாய்ப்புக் கிடைக்கும். வெறும் காற்றை மட்டும் நம்பி விட்டுவிட்டால், முதலில் விழுந்ததே நிலைத்துவிடுகிறது. மகசூல் குறையும், அதற்காக மனம் தளரக் கூடாது. இந்தப் புரதம் நானோமோலார் அளவில் வேலை செய்கிறது. உருப்படியான அரை மில்லிகிராம் பல மாதங்களுக்குப் போதும்.

அடுத்தது முனை. ஹெப்சிடினின் முதல் ஐந்து அமினோ அமிலங்கள், அதாவது அஸ்பார்டிக் அமிலம், திரியோனைன், ஹிஸ்டிடின், ஃபீனைல்அலனைன், புரோலைன், இவைதான் ஃபெரோபோர்ட்டினுக்குள் நுழையும் பகுதி. இவற்றை வெட்டிவிட்டு மீதி 20-ஐ வைத்துப் பார்த்தால் நான்கு பிணைப்பும் இருக்கும், வேலை மட்டும் இருக்காது. இதே காரணத்தால் முன்முனையில் ஹிஸ்டிடின் டேக் (சுத்திகரிப்பில் பிடித்து எடுக்க ஒட்டும் வால்) ஒட்டியபடியே விற்கப்படும் ஹெப்சிடின் செல் சோதனைக்கு உதவாது. ஆன்டிபாடி செய்யவோ, எலிசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) அளவுகோலாக வைக்கவோ வேண்டுமானால் அது போதும். "மனித ரீகாம்பினன்ட் ஹெப்சிடின்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டு ஆர்டர் போடாதீர்கள். டேக் எந்த முனையில், வெட்டினார்களா, வெட்டிய பிறகு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கீழே சின்ன எழுத்தில் தேடுங்கள். டேக்கை வெட்டும் என்சைமான டி.இ.வி. புரோட்டியேஸ் வழக்கமாக ஒரு கிளைசின் அல்லது செரீனை முன்னால் விட்டுவிட்டுப் போகும். முன்முனையே உயிர்நாடியான இந்தப் புரதத்துக்கு அந்த ஒன்றுகூட வேண்டாத சுமை.

நீங்களே செய்வதென்றால் மிச்சம் வைக்காமல் வெட்டும் என்சைமாகப் பாருங்கள். என்டரோகைனேஸ், சூமோ புரோட்டியேஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. ஆனால் வேலையின் வரிசை இரண்டுக்கும் வேறு. சூமோ புரோட்டியேஸ் வேலை செய்யும் பஃபரில் வழக்கமாக டி.டி.டி. என்ற ஒடுக்கும் வேதிப்பொருள் இருக்கும், அது ஹெப்சிடினின் பிணைப்புகளை அவிழ்த்துவிடும். அதனால் முதலில் வெட்டி, பிறகு மடிக்க வேண்டும். என்டரோகைனேஸுக்கோ தன் உடம்பிலேயே டைசல்ஃபைடு உண்டு, டி.டி.டி. ஆகாது. அங்கே முதலில் மடித்துவிட்டுப் பிறகு வெட்டுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. ஹெப்சிடினின் முதல் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து தாமிரத்தையும் நிக்கலையும் இறுகப் பிடிக்கும். டேக்கைப் பிடிக்கும் நிக்கல் குழாயிலிருந்து (column) கசியும் உலோகம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். உலோகத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் வேறொரு உலோகத்தைத் தெரியாமல் செல்லுக்குள் விடுவது நல்லதல்ல. கடைசிச் சுத்திகரிப்பை ரிவர்ஸ் ஃபேஸில் அமில நிலையில் முடித்தால் அது பெரும்பாலும் கழன்றுவிடும்.

அளப்பது தனிக் கதை. எல்லோருக்கும் கை பழகியது நானோட்ராப் ஒளிமானியில் ஒரு சொட்டு வைத்து 280 நானோமீட்டரில் பார்ப்பது. அந்த ஒளியை முக்கியமாக உறிஞ்சும் டிரிப்டோஃபேனும் ஹெப்சிடினில் இல்லை, டைரோசினும் இல்லை. நான்கு டைசல்ஃபைடுகள் தரும் மிக மெல்லிய உறிஞ்சல் மட்டுமே. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அடர்த்தியில்கூட 0.18 அளவுக்குத்தான் வரும். வெட்டிய பிறகு, ஹெப்சிடினோடு ஒட்டிச் செய்த துணைப்புரதமான சூமோவோ தயோரெடாக்சினோ கொஞ்சம் மிச்சம் இருந்தால், திரையில் காட்டும் எண் அவற்றுடையது. நாங்கள் ஹெச்.பி.எல்.சி.யில் 214 நானோமீட்டர் முகட்டின் பரப்பை, அளவு தெரிந்த ஹெப்சிடினோடு ஒப்பிட்டு அளந்தோம். வசதி இருந்தால் அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது இன்னும் நல்லது. உலர்தூளாக வாங்கும் வயலில் "1 மில்லிகிராம்" என்று போட்டிருந்தால் அதில் ஈரமும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமில உப்பும் சேர்ந்திருக்கலாம். நிகர பெப்டைடு அளவு என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள்.

2.8 கிலோடால்டன் என்பது எவ்வளவு சிறியது என்பதும் கை பட்டால்தான் புரியும். சாதாரண கிளைசின் ஜெல்லில் சாயத்தோடு சேர்ந்து ஓடிவிடும். டிரைசின் ஜெல் வேண்டும். 10 கிலோடால்டன் ஃபில்ட்டரில் போட்டு அடர்த்தியாக்கப் பார்த்தால் அத்தனையும் கீழே இறங்கிவிடும். கீழே வந்த திரவத்தை யாரும் அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். ஜெல்லிலிருந்து புரதத்தைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் 0.45 மைக்ரான் சவ்வைத் தாண்டிப் போய்விடும், 0.2 மைக்ரான் எடுங்கள்.

சிறியது மட்டுமல்ல, பிளாஸ்டிக்கில் ஒட்டும் பழக்கமும் இதற்கு மோசம். நீர்த்த கரைசலைச் சாதாரண ட்யூபில் வைத்து, அதிலிருந்து இன்னொரு ட்யூப், அதிலிருந்து இன்னொன்று என்று தொடர் நீர்ப்பு செய்தால், கடைசி ட்யூபில் நீங்கள் நினைக்கும் அளவு இருக்காது. லோ-பைண்ட் ட்யூப் வாங்குவது வீண் செலவல்ல. நீர்ப்பு பஃபரில் கொஞ்சம் போவைன் சீரம் ஆல்புமின் சேர்த்துக்கொள்ளலாம். சேமிப்பை அடர்த்தியாக, சின்னச் சின்ன அளவாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள்; ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். புரதம் என்றாலே சேமிப்பு பஃபரில் டி.டி.டி. ஒரு சொட்டு விடும் வழக்கம் பல லேப்களில் இருக்கிறது. ஹெப்சிடினுக்கு அது விஷம்.

இனி செல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஃபெரோபோர்ட்டினோடு ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதம் இணைத்த, ஹெச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்களை வைத்திருந்தோம். ஃபெரோபோர்ட்டின் உற்பத்தியைத் தூண்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு செல்லின் விளிம்பைச் சுற்றியும் மெல்லிய பச்சைக் கோடு. நல்ல ஹெப்சிடினை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோடு அங்கங்கே அறுந்திருக்கும், செல்லுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். இன்னும் சில மணி நேரத்தில் புள்ளிகளும் மங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. உடம்பில் இரும்பு நிற்பதும் போவதும் இந்த ஒரு அசைவில் இருக்கிறது. தப்பாக மடிந்த பேட்ச்சை விட்டால் பச்சைக் கோடு அப்படியே நிற்கும்.

மைக்ரோகிராமிலும் நானோமோலாரிலும் மாறி மாறிப் பேசிக் குழம்பாதீர்கள். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் ஏறக்குறைய 360 நானோமோலார். ஒரே அளவில் மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது போதாது. அளவை ஏற்றிக்கொண்டே போய், பச்சை பாதியாகக் குறையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பாதி செத்த பேட்ச்கூட அதிக அளவில் விட்டால் நல்லது போலவே நடிக்கும். வளைகோடு போட்டால்தான் அது வலப்பக்கம் நகர்ந்திருப்பது தெரியும்.

கன்ட்ரோலுக்கு (ஒப்பிட்டுச் சரிபார்க்க) அருமையான ஒரு செல் இருக்கிறது. ஃபெரோபோர்ட்டினின் 326-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனை செரீனாக மாற்றினால் ஹெப்சிடின் அதில் ஒட்டாது. இந்த மாற்றம் மனிதர்களிலும் உண்டு. ஹெப்சிடின் எவ்வளவு இருந்தும் உடம்பு கேட்காமல் இரும்பு சேரும் பரம்பரை நோய் அவர்களுக்கு வருகிறது. இந்த மாற்றம் உள்ள செல்லிலும் உங்கள் வயல் பச்சையைக் குறைத்தால், குறைப்பது ஹெப்சிடின் அல்ல, அதோடு வந்த வேறு ஏதோ ஒன்று.

அப்படி வயலோடு ஒட்டிவரும் வேறு பொருள்களில் முக்கியமானது எண்டோடாக்சின். ஈ.கோலையில் செய்த எதிலும் அதன் சுவரிலுள்ள எல்.பி.எஸ். ஒட்டிக்கொண்டு வரும். ஹெச்.இ.கே. செல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. மேக்ரோஃபேஜுக்குப் போனால்தான் விபரீதம். எல்.பி.எஸ். தானாகவே மேக்ரோஃபேஜில் ஃபெரோபோர்ட்டினைக் குறைக்கும். ஹெப்சிடின் செய்வதும் அதையேதான்! வெஸ்டர்ன் பிளாட்டில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். இதனால்தான் எண்டோடாக்சின் அளவு குறிப்பிடாத ஹெப்சிடினை மேக்ரோஃபேஜில் விடவே கூடாது என்கிறேன். பிரித்தறிய வழி உண்டு. ஹெப்சிடின் தொடுவது புரதத்தை, ஃபெரோபோர்ட்டினின் எம்.ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்வதற்கான செய்திப்பிரதி) அது நேராக இறக்குவதில்லை. எல்.பி.எஸ். எம்.ஆர்.என்.ஏ.வையே இறக்கும். ஆக எம்.ஆர்.என்.ஏ.வை அளக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். ஒன்று கூடவே ஓட்டுங்கள்.

கொதிக்கவைத்த ஹெப்சிடினை கன்ட்ரோலாக வைப்பவர்களும் உண்டு. அது சரிவராது. நான்கு பிணைப்பு கட்டிய இந்தச் சின்னப் புரதம் சூட்டை நன்றாகத் தாங்கும், எல்.பி.எஸ்.ஸும் தாங்கும். அதற்குப் பதில் ஹெப்சிடினின் பிணைப்புகளை டி.டி.டி.யால் அவிழ்த்து, மறுபடி சேராமல் அயோடோ அசிட்டமைடால் அடைத்து, மருந்துகளை நன்றாகக் கழுவி நீக்கிவிட்டு விடுங்கள். ஹெப்சிடின் செத்திருக்கும், எண்டோடாக்சின் கழுவலில் போகாமல் தங்கியிருந்தால் உயிரோடு இருக்கும். அது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை மட்டும் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

மேக்ரோஃபேஜில் சோதிக்கும் முன் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் என்ற இரும்பு உப்பு கொடுத்து ஒரு இரவு வைத்தால் ஃபெரோபோர்ட்டின் ஏறி நிற்கும். இல்லையென்றால் குறைவதைப் பார்க்க ஒன்றும் இருக்காது. பிளாட்டுக்கு சாம்பிள் எடுக்கும்போது வழக்கம்போல 95 டிகிரியில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். ஃபெரோபோர்ட்டின் சவ்வைப் பலமுறை குறுக்கே தாண்டும் புரதம். கொதித்தால் திரண்டு, சாம்பிள் விடும் ஜெல் குழியின் வாயிலேயே நின்றுவிடும், ஜெல்லுக்குள் இறங்காது. அதைப் பார்த்து "ஹெப்சிடினால் மறைந்துவிட்டது" என்று நினைக்க இடமுண்டு. அறை வெப்பத்தில் வைத்தாலே போதும். கூடவே செல்லுக்குள் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினையும் எலிசாவில் அளந்துவிடுங்கள். கதவு போனதால் இரும்பு உள்ளே தங்கியது என்றால் மறுநாள் ஃபெரிட்டின் ஏறியிருக்க வேண்டும்.

எலியில் விடுவதென்றால் மனித ஹெப்சிடினே போதும், எலியின் ஃபெரோபோர்ட்டினும் அதற்குக் கட்டுப்படும். 2005-இல் வெளியான ஆய்வில் 50 மைக்ரோகிராம் ஒரே ஊசியில் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தின் இரும்பு சரிந்தது, பழைய நிலைக்குத் திரும்பப் பல நாள் ஆனது. ஹெப்சிடின் சிறுநீரில் சீக்கிரம் வெளியேறிவிடும். ஆனால் சிதைந்த கதவைச் செல் புதிதாகச் செய்தாக வேண்டுமே. ரத்தம் எடுக்கும் நேரங்களை இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றியும் கேட்பார்கள். 60 மில்லிகிராம் இரும்பு ஒரு வேளை எடுத்தாலே ஹெப்சிடின் ஏறி, மறுநாள் எடுக்கும் மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது என்று 2015-இல் சூரிக் ஆய்வாளர்கள் இளம்பெண்களிடம் காட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் யோசனை அதிலிருந்து வந்ததுதான். கர்ப்பிணிகளும் கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

விலைக்கு வாங்குபவர்கள் ஆர்டருக்கு முன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எதில் செய்தது, முன்முனை அஸ்பார்டிக் அமிலத்தில்தான் தொடங்குகிறதா, பிணைப்புகளின் ஜோடி சரிபார்க்கப்பட்டதா, எண்டோடாக்சின் எவ்வளவு, ஃபெரோபோர்ட்டின் உள்ள செல்லில் இந்த பேட்ச்சையே சோதித்த வளைகோடு உண்டா என்று கேளுங்கள். முன்பு சோதித்த வேறு பேட்ச்சின் படத்தை அனுப்புவார்கள். உங்களுக்கு வரப்போகும் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேளுங்கள். கரைசல், உலர்தூள் இரண்டும் கிடைத்தால் உலர்தூளையே எடுங்கள். சுங்கத்தில் பெட்டி சில நாள் நின்றாலும் அது தாங்கும். வந்ததும் பழைய பேட்ச்சில் மிச்சம் வைத்திருக்கும் ஒரு ட்யூபையும் எடுத்து, இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், பச்சை செல்கள் மேல் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள்.